சின்னாளபட்டியின் தறிகள்

திண்டுக்கல் என்னும் பெயரைச் செவியுற்றவுடன் நம்மவர் நெஞ்சில் தோன்றுவன பூட்டும் புகையிலையும் மலைக்கோட்டையுமாம். இக்காலத்து மாணவ நண்பர்கள் பிரியாணியையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளாமல் விடார். ஆயின் அந்நகரினின்றும் மதுரை நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தொலைவில், சிறுமலையின் அடிவாரத்தே நெசவினாலேயே பெயர் பெற்ற சிற்றூர் ஒன்றுண்டு. அதன் பெயர் சின்னாளபட்டி. நம் பாட்டிமார் ‘சின்னாளப்பட்டு’ என்று ஒரு சேலையின் பெயராகவே அதனை அறிவர். அஃது ஓர் ஊரின் பெயரென்று அறிந்தவர் அவருட் சிலரே. துணியின் பெயருக்குள் ஊர் மறைந்துபோயிற்று எனலாம்.

இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் யாம் ஐவர் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். எம்முள் ஒருவர் அவ்வூர்த் தறிக்குடி ஒன்றிற் பிறந்தவர். அவர்தம் பாட்டனார் காலத்தில் வீட்டில் நான்கு தறிகள் இருந்தன. இப்பொழுது ஓடுவது ஒன்றே. அதனையும் எடுத்துவிட்டுத் தறிக்குழியைச் சிமெந்தினால் மூடி, ஓடு பதித்து, அறையை வாடகைக்கு விடலாமா என்னும் பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. “மூடுவதற்கு முன் ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்” என்று அவர் அழைத்தமையே எம் பயணத்திற்குக் காரணமாயிற்று. போகும் வழியிலும் போன இடத்திலும் கண்டனவற்றையும், கற்றனவற்றையும் நம் சஞ்சிகையின் அன்பர்களுக்கு இயன்றவரை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சின்னாளபட்டியை அறிய விரும்புவோர் முதற்கண் திண்டுக்கல் மலைக்கோட்டைமேல் ஏறி நிற்பது நலம். சுற்றிலும் சமவெளி பரந்து கிடக்க, அதன் நடுவே ஒரே மொட்டைப் பாறை திண்டு ஒன்றைக் கிடத்தி வைத்தாற்போற் கிடக்கின்றது. திண்டும் கல்லும் கூடித் திண்டுக்கல் ஆயிற்றென்பர். பாறையிலேயே செதுக்கிய படிகள் வழியே ஏறினோம். காலை எட்டு மணிக்கே கல் சுடத் தொடங்கிவிட்டது; செருப்பைக் கீழே விட்டு வந்த எம்முள் ஒருவர் பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

இக்கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், ஆண்டு 1605. பின்னர்த் திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். பதினெட்டாம் நூற்றாண்டில் இஃது அடைந்த கைமாற்றங்கள் பல. மைசூர் அரசின் சார்பில் 1755 இல் இங்கு அதிகாரியாக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரரின் துணைகொண்டு படைக்கலச் சாலை அமைத்ததும், தம் படையை ஒழுங்குபடுத்தக் கற்றதும் இவ்வூரிலேயாம். பிற்காலத்தே ஒரு பேரரசரைப்போல் விளங்கிய அவர்க்குத் திண்டுக்கல்லே பள்ளிக்கூடமாயிற்று என்று சொல்லலாம். சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்ததும் இப்பக்கத்திலேதான். ஆங்கிலேயர் 1767 இல் இதனைப் பிடித்தனர். அடுத்த ஆண்டே இழந்தனர். 1783 இல் மீண்டும் பிடித்தனர். 1784 இல் மங்களூர் உடன்படிக்கையின்படி திருப்பிக் கொடுத்தனர். 1790 இல் மூன்றாம் முறையாகக் கைப்பற்றியபின் 1792 ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அஃது அவர்க்கே நிலையாயிற்று. அடிவாரத்திலுள்ள பேகம்பூர் என்னும் பகுதி ஹைதரின் தங்கை அடக்கமான இடத்தினின்றும் பெயர்பெற்றது.

மலையுச்சியிலே கோயிலொன்றுண்டு, உள்ளே தெய்வத் திருவுருவங்கள் இல்லை. அவை கீழே நகரிலுள்ள கோயிலுக்குக் கொண்டுபோகப்பட்டன. வெறுமையான அக்கருவறையின் முன் நின்று தெற்கே நோக்கினோம். இடப்புறம் சிறுமலை, வலப்புறம் தொலைவிலே பழனிமலைத் தொடர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வறண்ட நிலத்திலே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் மதுரைக்கு ஓடுகின்றன. மழை குறைவு. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் திராட்சைத் தோட்டங்களும் பூந்தோட்டங்களும் காணப்படுகின்றன. மற்றையவை சோளமும் கடலையும் விளையும் மானாவாரிக் காடுகளே. இத்தகைய நிலத்திலே வேளாண்மையை மட்டும் நம்பி வாழ்தல் அரிதாகலின், மக்கள் கைத்தொழில்களைப் பற்றிக்கொண்டனர். நகரிலே தோல் பதனிடுதலும், சுருட்டுச் சுற்றுதலும், பூட்டுச் செய்தலும், சிற்றூர்களிலே நெசவும். 1875 இல் திருச்சிராப்பள்ளியினின்றும் மதுரைக்கு இருப்புப்பாதை போடப்பட்டபின் இத்தொழில்களெல்லாம் ஊர் எல்லையைக் கடந்து பெயர் பெற்றன. திண்டுக்கல் நகராட்சி அதற்கும் முன்னரே, 1866 இல், தோன்றிவிட்டது. மதுரையினின்றும் பிரிந்து தனி மாவட்டமானது 1985 இல்.

நிற்க. சின்னாளபட்டிக்கு வருவோம்.

பேருந்தை விட்டு இறங்கித் தெருவினுள் நுழைந்தவுடன் எம் காதுகள் ஓசையொன்றை எதிர்பார்த்தன. ‘டக் டக்’ என்னும் தறியோசை தெருவெங்கும் கேட்குமென்று நண்பரின் பாட்டியார் கதை கதையாகச் சொல்லியிருந்தார். முதல் தெருவில் யாம் கேட்டது தொலைக்காட்சிப் பெட்டியின் ஓசையே. மூன்றாம் தெருவின் நடுவே நின்றபோதுதான் ஒரு வீட்டினுள்ளிருந்து அவ்வோசை வந்தது. நண்பர் நகைத்து, “அது எங்கள் வீடுதான்” என்றார்.

இவ்வூர் நெசவாளருட் பெரும்பாலார் தேவாங்கர் மரபினர். வீட்டினுள்ளே கன்னடமோ தெலுங்கோ பேசுவோர். வாயிலைத் தாண்டினால் பிழையற்ற மதுரைத் தமிழ் பேசுவோர். தேவர்களுக்கு ஆடை நெய்து கொடுப்பதற்காகத் தோன்றிய தேவல முனிவரின் வழிவந்தோமென்பது அவர்தம் குலமரபுக் கதை. விஜயநகர அரசும் அதன்பின் நாயக்கர் ஆட்சியும் தெற்கே பரவிய காலங்களில் கன்னட, தெலுங்கு நாடுகளிலிருந்து நெசவுக் குடிகள் பல தமிழகம் வந்து தங்கின; அவ்வரவின் ஒரு கிளையே இது. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் வாழும் சௌராஷ்டிரர் வரலாறும் இதனோடு ஒட்டியதே. இவ்வூர்த் தேவாங்கரின் குலதெய்வம் சௌடேஸ்வரி அம்மன். திருவிழாக் காலத்தில் இளைஞர் கையிற் கத்தி ஏந்தித் தம் மார்பிலும் தோளிலும் வீசிக்கொண்டு அம்மனை அழைத்துவரும் ‘கத்தி போடுதல்’ என்னும் வழக்கம் இம்மரபினர்க்கே சிறப்பாக உரியது. ஊரின் மற்றொரு பெருங்கோயில் அஞ்சலி வரத ஆஞ்சநேயருடையது; கூப்பிய கையோடு நெடிதுயர்ந்து நிற்கும் அத்திருவுருவத்தைக் காண வெளியூரினின்றும் மக்கள் வருகின்றனர்.

இனித் தறியைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறுவோம். நூல் ஆடையாகும் வழியை நம்மிற் பலர் ஒருநாளும் கண்டதில்லை. யாமும் கண்டதில்லை, நாள்தோறும் உடுத்துகின்றோம், அவ்வளவே.

நண்பர் வீட்டுத் தறி குழித்தறி. தரையில் இடுப்பளவு ஆழத்திற்குக் குழி தோண்டி, நெசவாளர் அதன் விளிம்பில் அமர்ந்து கால்களைக் குழியினுள் தொங்கவிட்டுக்கொள்வார். மிதிக்கட்டைகள் குழியினுள் உள்ளன. ‘ஏன் குழி?’ என்று வினவினோம். பாட்டனார் தந்த விடை எமக்கு வியப்பளித்தது. இது வறண்ட நாடு. காற்றில் ஈரம் இல்லாவிடின் இழை முறுகி அறும். குழியின் மண் ஈரத்தைத் தாங்கி நிற்பதால் பாவின் கீழே எப்போதும் சிறிது குளுமை இருக்கும். அன்றியும் கால்மரங்களை உயரமாக நிறுத்த வேண்டாமையால் மரச்செலவும் குறைவு. சிறிய வீட்டில் இடமும் மிச்சம். யாம் அதுவரை குழியை வறுமையின் அடையாளமென்றே எண்ணியிருந்தோம்.

நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே ஓடுவது ஊடை. சேலை ஒன்றின் அகலத்திற்கு ஏறக்குறைய 4,000 பாவு இழைகள் வேண்டும். பருத்தி நூலாயின் பாவைத் தெருவில் நீள விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவர். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் செய்ய வேண்டிய வேலை இது. தெருவின் இருமருங்கிலும் உள்ள வீட்டார் அனைவரும் கைகொடுப்பர். நெசவுத் தெருக்கள் மற்றைத் தெருக்களினும் நீண்டு நேராக இருத்தற்குக் காரணம் இதுவே என்று பாட்டனார் சொன்னார். இக்காலத்தே பாவு வேறிடத்தில் எந்திர உருளையில் ஓடி ஆயத்தமாக வருகின்றது. தெருவில் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன.

பாவின் ஒவ்வோர் இழையும் விழுதின் கண்ணிலும் பின்னர் அச்சின் பல்லிடையிலும் புகுந்து வரவேண்டும். பழைய பாவு முடியும் தறுவாயில் புதுப்பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பர். இதற்கு அச்சுப் பிணைத்தல் என்று பெயர். சாம்பல் தொட்ட விரல்களால், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓரிழை. இதற்கென்றே தனித்திறன் வாய்ந்தோர் ஊர்தோறும் இருந்தனர். இப்பொழுது அவர்கள் தொகை மிகச் சுருங்கிவிட்டது.

மிதியை அழுத்தினால் பாவு இரண்டாகப் பிரியும். பிரிந்த வழியே நாடா ஓடும். அச்சு வந்து ஊடையை அடித்து நெருக்கும். முற்காலத்தில் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பர். கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசைநாடாவை இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733 இல் கண்டுபிடித்தார். நம் மாகாணத்தில் அஃது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் பரவலாயிற்று. அதற்குப் பெரிதும் உழைத்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். கரையிலும் முந்தியிலும் பூவேலை வேண்டுமாயின் தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி ஏறும். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப, எவ்விழை உயரவேண்டும் எவ்விழை தாழவேண்டும் என்பதை அத்துளைகளே அறிவிக்கும். கணிப்பொறி கற்கும் நம் மாணவர் அதனருகே நெடுநேரம் நின்றுவிட்டனர். அவர்தம் கலையின் பாட்டன் இப்பெட்டியே ஆதலின், நிற்பதில் வியப்பில்லை.

இவையெல்லாம் நிகழும்போது பாட்டியார் ஒரு மூலையில் இராட்டை முன் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். நாடாவினுள் வைக்கும் சிறு நூற்குச்சியே தார். ஒரு சேலைக்கு எத்தனை தார் வேண்டுமோ அத்தனையையும் சுற்றித் தரவேண்டியது வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும். ‘இதற்குக் கூலி எவ்வளவு?’ என்று எம்முள் ஒருவர் கேட்டார். பாட்டியார் விளங்காதவர்போற் பார்த்தார். கூலி சேலைக்கு, அதனைத் தறிமுதலாளி நெய்தவர் கையிற் கொடுப்பார். தார் சுற்றுதற்கென்று தனியே ஒன்றுமில்லை. 2019–20 இல் நடந்த நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவும் அதன் துணைத்தொழில்களும் செய்வோர் 35 லட்சத்துக்குச் சிறிது மேற்பட்டோர்; அவருட் பத்தில் ஏழு பேர் பெண்டிர். பத்தாண்டுகட்கு முன் எடுத்த கணக்கில் மொத்தத் தொகை 43 லட்சம். எட்டு லட்சம் பேர் பத்தாண்டுக்குள் தறியை விட்டு எழுந்துபோயினர் என்பது பொருள்.

சின்னாளப்பட்டின் வரலாறு விந்தையானது. பட்டு என்பது பெயரேயன்றிப் பட்டுப்பூச்சிக்கும் அதற்கும் உறவில்லை. மரக்கூழினைக் காரத்திலும் கந்தகக் கலவையிலும் கரைத்து, நுண்துளைகள் வழியே அமிலத்தினுட் பீய்ச்சி இழையாக்கும் முறையை 1892 இல் ஆங்கில நாட்டார் மூவர் கண்டனர். அவ்விழையே ரேயான், செயற்கைப் பட்டு. முதலில் அயல்நாடுகளினின்றும் இறக்குமதியாயிற்று. நம் நாட்டில் இதற்கென முதன்முதல் எழுந்த ஆலை கேரளத்துப் பெரும்பாவூரில் 1950 இல் உற்பத்தி தொடங்கியது. இவ்விழையைச் சின்னாளபட்டி நெசவாளர் தம் தறிகளில் ஏற்றிச் சரிகைக் கரையிட்டுச் சேலையாக்கினர். காஞ்சிப் பட்டு வாங்க இயலாத வீட்டில் மணப்பெண்ணுக்கும் பளபளக்கும் சேலை கிடைத்தது. விலையோ சிறிது, மினுமினுப்போ பெரிது. 1950களிலும் 60களிலும் தமிழ்நாடெங்கும் இச்சேலை ஏழையின் பட்டாக உலாவிற்று. செல்வர் சிலர் ‘போலிப் பட்டு’ என்று இகழ்ந்தனராம். இகழ்ச்சியை யாம் ஒப்புக்கொள்ளோம். பட்டென்று பொய் சொல்லி விற்றாலன்றோ போலி? ஊரின் பெயரைச் சொல்லியே விற்றனர்; வாங்கினவரும் அறிந்தே வாங்கினர்.

குறையில்லாமலும் இல்லை. ரேயான் நனைந்தால் வலுவிழக்கும். கல்லில் அடித்துத் துவைத்தால் கிழியும். ஈரத்திலும் வலுக்குறையாததும், கசங்காததும், துவைக்க எளியதுமான நைலானும் பாலியெஸ்டரும் விசைத்தறியில் மலிவாக நெய்யப்பட்டு வரத் தொடங்கியபோது, சின்னாளப்பட்டின் பொற்காலம் முடிவுற்றது. எந்திர ஆலையில் பிறந்த இழையால் ஏற்றம் பெற்ற கைத்தறி, மற்றுமோர் எந்திர இழையால் இறக்கம் பெற்றதென்க.

இவ்வூரை அடுத்துள்ளது காந்திகிராமம். 1946 ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் காந்தியடிகள் மதுரைக்கும் பழனிக்கும் இரயிலில் வந்தார். அப்போது அம்பாத்துரை, சின்னாளபட்டிப் பக்கத்தில் வண்டி நின்றதென்றும், திரண்டு நின்ற மக்களை அவர் கண்டாரென்றும் இப்பக்கத்தார் இன்றும் பெருமிதத்துடன் கூறுவர். அடுத்த ஆண்டே, 1947 இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் டாக்டர் ஜி. இராமச்சந்திரனும் அவ்விடத்தில் காந்திகிராமத்தை நிறுவினர். சிறு மருத்துவ நிலையமாய்த் தொடங்கியது கஸ்தூரிபா மருத்துவமனையாய் வளர்ந்தது. கிராமியக் கல்வி நிலையம் 1956 இல் தோன்றி 1976 இல் பல்கலைக்கழக நிலை எய்தியது. கதர் நூற்கும் இராட்டினம் சாலைக்கு அந்தப்புறம். செயற்கைப் பட்டு நெய்யும் தறி சாலைக்கு இந்தப்புறம். இரண்டும் ஒரே காலத்தில் அருகருகே வளர்ந்தமை எமக்குச் சிந்தனையைத் தூண்டிற்று. கதரைப் போற்றியவர்க்கு ஆலை இழை ஆகாது. நெசவாளர்க்கோ அடுப்பு எரியவேண்டும். யார் பக்கம் நியாயம் என்று எம்முள் அன்றிரவு நடந்த வழக்கு தீரவேயில்லை.

சின்னாளப்பட்டு தளர்ந்தபின் ஊரைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் சுங்குடி. துணியில் சிறு சிறு மடிப்பெடுத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், கட்டின இடத்திற் சாயம் ஏறாது, அவிழ்த்தால் புள்ளி. சௌராஷ்டிரர் மதுரைக்குக் கொண்டுவந்த கலை இது. மதுரைச் சுங்குடிக்கு 2005 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வைகை நீரே அதன் செந்நிறத்திற்கு ஒளி தருகின்றதென்று முன்னோர் நம்பினர். ஒரு சேலையிற் பல்லாயிரம் முடிச்சுகள், கட்டுவோர் பெண்டிர். சின்னாளபட்டியில் முடிச்சுக் கட்டுதல் குறைவு; மெழுகை உருக்கி அச்சினாற் பதித்துச் சாயமேற்றி, பின் வெந்நீரில் மெழுகை நீக்கும் முறையே மிகுதி. சாயப்பட்டறைகளின் பின்புறம் பலவண்ணச் சேலைகள் வெயிலிற் காயும் காட்சி கண்கொள்ளாதது.

இங்கே எம் ஏமாற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். ஊருக்குப் போகுமுன் வேறோர் நகரத்துக் கடையிலே, ‘கையாற் கட்டிய சுங்குடி’ என்று கடைக்காரர் உறுதிகூறியதை நம்பி எம்முள் ஒருவர் தம் தாயார்க்குச் சேலை வாங்கியிருந்தார். பாட்டியார் அதனை வாங்கி விளக்கருகே கொண்டுபோனார், திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டார். பின்னர் யாம் வற்புறுத்தியபின்பே விளக்கினார். கட்டுச் சுங்குடியின் புள்ளி வெறும் வெண்புள்ளியன்று, சிறு வளையம், அதன் நடுவே சாயம் ஒரு துளி நிற்கும். ஒரு புள்ளி போல் மற்றொன்று இராது. துணியின் பின்புறமும் முன்புறம் போன்றே நிறம் ஏறியிருக்கும். கட்டவிழ்த்த துணி சுருங்கிச் சிறு மொட்டுகளாய் எழுந்து நிற்கும். எம் நண்பர் வாங்கியதிலோ புள்ளிகளெல்லாம் படைவீரர்போல் ஒரே அளவாய் அணிவகுத்து நின்றன; பின்புறம் வெளிறியிருந்தது. விசைத்தறித் துணியில் எந்திரம் அச்சிட்ட புள்ளி. மெழுகுச் சுங்குடியிலாவது மெழுகு விண்ட இடத்தில் மயிரிழை போன்ற கோடுகள் தோன்றும். இதில் அதுவும் இல்லை. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985 இல் மத்திய அரசு சட்டமொன்று இயற்றியது. முதலில் 22 வகைகள். பின்னர் 11 ஆகச் சுருக்கப்பட்டன. சட்டம் இருக்கின்றது, கடையிலே சேலையைத் திருப்பிப் பார்க்கும் கண்தான் அரிதாயிருக்கின்றது.

ஒரு நெசவூரின் கதை இவ்வாறு ஏறி இறங்குதல் நம் நாட்டுக்கே உரியதன்று. ஸ்காட்லாந்து நாட்டிலே பெய்ஸ்லி என்றோர் ஊர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஷ்மீரத்துச் சால்வைகள் அந்நாட்டிற்குச் சென்றன. அவற்றின் கரையிலிருந்த மாங்காய் வடிவம் அந்நாட்டுப் பெண்டிரின் உள்ளத்தைக் கவர்ந்தது. உண்மைச் சால்வை விலையோ மிகப் பெரிது. ஆதலின் 1805 ஆம் ஆண்டையொட்டிப் பெய்ஸ்லி நெசவாளர் தம் தறிகளில் அதனைப்போன்று நெய்து மலிவாக விற்கலாயினர். நாளடைவில் நம் மாங்காய்க்கே ‘பெய்ஸ்லி’ என்று பெயராயிற்று. இன்று ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் அதற்கு அப்பெயரே. ஊரின் பெயர் துணிக்கு வந்தது சின்னாளபட்டியில்; அயலாரின் மாங்காய்க்கு ஊரின் பெயர் வந்தது பெய்ஸ்லியில். திண்டுக்கல் கொல்லரும் தம் பூட்டு வகைகளுள் ஒன்றிற்கு மாங்காய்ப் பூட்டென்று பெயரிட்டனர் என்பது ஈண்டு நினைவுக்கு வருகின்றது. அப்பூட்டுத் தொழிலுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெய்ஸ்லி நெசவாளரிடையே ஒரு வழக்கு எழுந்தது. சால்வையின் பலவண்ண ஊடைகளைப் பிணைத்து நிறுத்த இடையிடையே கண்ணுக்குத் தோன்றாத மெல்லிய இழையொன்றை ஓட்டவேண்டும். தோன்றாத இழைக்குக் கூலியில்லை என்றனர் முதலாளிகள். அது இல்லாவிடின் சால்வையே பிரிந்துபோகும் என்றனர் நெசவாளர். நெடுநாட் போராட்டத்திற்குப்பின் 1856 இல் நெசவாளர் வென்றனர். ‘ஸ்மா ஷாட்’, அதாவது சிற்றிழை, என்னும் பெயரால் அந்நாளை அவ்வூரார் இன்றும் ஆண்டுதோறும் ஜூலை முதற் சனிக்கிழமையில் கொண்டாடுகின்றனர். இதனை யாம் சொல்லக் கேட்ட பாட்டியார், இராட்டையை நிறுத்தாமலே, “அப்போ தாருக்கும் கேட்டிருக்கலாம் போல” என்றார்.

சால்வை வழக்கொழிந்து 1870களில் பெய்ஸ்லித் தறிகள் ஓய்ந்தன. ஆயின் தையல்நூல் ஆலைகள் அவ்வூரைக் காத்தன. அவற்றுட் பெரியது கோட்ஸ் நிறுவனம். மற்றொரு பக்கம், ஸ்காட்லாந்தினின்றும் வந்த ஹார்வி சகோதரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாபநாசத்தை அடுத்தும், தூத்துக்குடியிலும், மதுரையிலும் நூற்பாலைகள் அமைத்தனர். 1974 இல் மதுரை ஆலையும் பெய்ஸ்லியின் கோட்ஸும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. நம் நாட்டு மாங்காய் பெய்ஸ்லிக்குச் சென்றது. பெய்ஸ்லியின் நூல் நம் நாட்டிற்கு வந்தது. பெய்ஸ்லியின் பழைய நெசவாளர் குடில்கள் சில இன்று காட்சிச்சாலையாய்ப் பேணப்படுகின்றன. சால்வைகளோ கண்ணாடிப் பெட்டியினுள் உள்ளன.

திண்டுக்கல் வட்டாரத்தில் நூலுக்குப் பஞ்சமில்லை. வேடசந்தூர்ப் பக்கம் சென்றால் நூற்பாலைகள் வரிசை வரிசையாய் நிற்கும். நூல் இருக்கின்றது, தறி குறைகின்றது. நெசவாளரின் பிள்ளைகள் எம்மைப்போற் கல்லூரிக்கு வந்துவிட்டனர். நண்பரே இயற்பியல் பயில்கின்றார். அவர் தங்கை செவிலியர் படிப்பில் சேரவிருக்கின்றார். “பேரன் தறியில் உட்கார வேண்டுமென்று விரும்புகின்றீர்களா?” என்று பாட்டனாரிடம் வினவினோம். அவர் நாடாக் கயிற்றை இருமுறை இழுத்தார். “அவன் உட்கார வேண்டாம். உட்காரத் தெரிந்திருக்கட்டும்” என்றார். நண்பர் அன்று மாலை ஒருமுழம் நெய்தார். பாட்டனார் அருகே நின்று ஓரம் தளர்வதைச் சுட்டிக்காட்டிக்கொண்டேயிருந்தார். பாட்டனார் நெய்த பகுதிக்கும் பேரன் நெய்த பகுதிக்கும் உள்ள வேறுபாட்டை நெசவறியாத எம் கண்களும் கண்டன.

யாம் புறப்பட்ட அன்று தறியில் மூன்று சேலைக்குரிய பாவு மிகுந்திருந்தது. அது முடிந்தவுடன் குழியை மூடுவதென்று நண்பரின் தந்தையார் கூறினார். பாட்டனார் மறுக்கவுமில்லை, உடன்படவுமில்லை. இக்கட்டுரை அச்சுக்குச் செல்லுமுன் நண்பரை வினவினோம். குழி இன்னும் மூடப்படவில்லையாம். மூன்று சேலையும் முடிந்தபின், அச்சுப் பிணைக்கும் ஆள் வேறோர் ஊரினின்றும் வரவேண்டியிருந்தமையால், தறி பத்து நாட்கள் வாளாவிருந்தது. பிறகு ஆள் வந்தார். பாட்டியாரும் உடனமர்ந்து இழை எடுத்துக் கொடுத்தார். இப்பொழுது எட்டுச் சேலைக்குரிய பாவு தறியில் ஏறியிருக்கின்றது.